மடத்து வயல் யாருடையது? தல்லாகுளம் முதல் அழகர்மலை வரை கல்லிலும் காகிதத்திலும் ஒளிந்திருக்கும் கதை

மதுரை தல்லாகுளத்தில் நின்று, "இங்கே வயல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஒருபுறம் தமுக்கம் மைதானம், பக்கத்தில் மாநகராட்சி அலுவலகம், கொஞ்சம் தள்ளினால் கோரிப்பாளையம் சிக்னல். பெயரில் மட்டும்தான் குளம் மிச்சம்.

ஆனால் சித்திரை மாதம் வந்துவிட்டால் இந்தத் தார் ரோட்டுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள அழகர்கோயிலில் இருந்து கள்ளழகர் கிளம்பி, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபங்களில் நின்று நின்று வருவார். தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வைகையில் இறங்குவார். இந்தத் தல்லாகுளம் பெருமாள் கோயிலே அழகர்கோயிலின் உபகோயில்தான்.

இத்தனை மண்டகப்படிக்கும் நைவேத்தியத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் ஒரு காலத்தில் செலவு செய்தது யார்? உண்டியல் என்று சொன்னால் பாதி பதில்தான். மீதிப் பாதி வயல். கோயிலுக்கும் மடத்துக்கும் அதற்கு முன்பு சமணப் பள்ளிகளுக்கும் எழுதிவைக்கப்பட்ட நிலம்.

பழங்கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மனை வாங்கி, மகள் கல்யாணத்துக்காக அதை விற்கப் போகிறார் ஒருவர். சார்பதிவாளர் அலுவலகத்தில், "இந்த சர்வே நம்பர் கோயில் நிலம்னு இருக்கு, பதிவு பண்ண முடியாது" என்கிறார்கள். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது ஆயிரம் வருடக் கதை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மடப்புறம்னா என்ன?

பழைய கல்வெட்டுகளில் தானமாகக் கொடுத்த நிலத்துக்கு ஒரே பெயர் கிடையாது. யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். சிவன் கோயிலுக்கு என்றால் தேவதானம். பெருமாள் கோயிலுக்கு என்றால் திருவிடையாட்டம். பிராமணர்களுக்கு என்றால் பிரமதேயம். சமண, பௌத்தத் துறவிகளின் பள்ளிக்கு என்றால் பள்ளிச்சந்தம். மடத்துக்கு என்றால் மடப்புறம்.

இதில் 'பள்ளி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்று பிள்ளைகளை அனுப்புகிற பள்ளிக்கூடத்தின் பெயர், அன்று துறவிகள் தங்கிய இடத்தின் பெயர். அங்கே தங்கினார்கள், அங்கேயே சொல்லியும் கொடுத்தார்கள்.

ஊர்ப் பெயர்களிலும் இந்தச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ராஜபாளையம் பக்கத்தில் தேவதானம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. சிங்கம்புணரி பக்கம் சதுர்வேதமங்கலம். ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. திருப்புவனம் அருகே காளி கோயிலுக்குப் பெயர்போன மடப்புரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வேறொரு விளக்கம் சொல்வார்கள்: மதுரையின் எல்லையைக் காட்ட ஆதிசேஷன் வட்டமாகச் சுற்றிப் படுத்தபோது, படம் வந்து நின்ற இடம் படப்புரமாகி, பிறகு மடப்புரம் ஆனதாம். கல்வெட்டுச் சொல்லும் தலபுராணமும் ஒரே எழுத்துகளுக்குச் சண்டை போடுகிற இடங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பெயர் ஒரு துப்பு. தீர்ப்பு சொல்ல வேறு ஆதாரம் வேண்டும்.

கையில் ஒன்றும் இல்லாத துறவிக்கு நிலம் எதற்கு?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் இந்தக் கதையின் முதல் அத்தியாயம் இருக்கிறது. மாங்குளம், அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் என்று வரிசையாக இயற்கைக் குகைகள். உள்ளே கல்லில் செதுக்கிய படுக்கைகள். மேலே தமிழி எழுத்தில் பெயர்கள். மாங்குளத்தில் இருப்பது தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று, கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர், நந்தஆசிரியன் என்ற துறவிக்காகப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

கிடாரிப்பட்டிப் பக்கம் இருக்கிற அழகர்மலைக் குகையில் கொடையாளிகள் பட்டியல் இன்னும் சுவாரஸ்யம். மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், துணி விற்கும் அறுவை வணிகர், கூடவே ஒரு கொழு வணிகர். கொழு என்றால் கலப்பையின் நுனியில் மாட்டுகிற இரும்பு. உழவுக்கு இரும்பு விற்றவர், நிலமே வைத்துக்கொள்ளாத துறவிக்குக் கல்படுக்கை அமைக்கப் பணம் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் துறவிகளுக்குக் கிடைத்தது நிழலும் படுக்கையும்தான். சோறு ஊரில் இருந்து வந்தது.

ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் ஒத்தக்கடை யானைமலையில் இருக்கிறது, அழகர்மலையில் இருக்கிறது, இன்னும் பல குன்றுகளில் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் இருக்கும் பெயர்களில் பல, குறண்டி திருக்காட்டாம்பள்ளி என்ற இடத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள், மாணாக்கர்களின் பெயர்கள். குறண்டி இருப்பது அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே படித்தவர்கள் மதுரை வரை வந்திருக்கிறார்கள் என்றால், அது ஒரு குகையில் நாலு பேர் தங்கியிருந்த கதை இல்லை. ஒரு பெரிய கல்வி நிலையம்.

ஆசிரியர், மாணவர், ஓலை எழுதுகிறவர், சமையல், விளக்கு. இவ்வளவுக்கும் தினசரி பிச்சையை நம்ப முடியுமா? துறவி தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் துறவியின் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன இடைவெளியில்தான் பள்ளிச்சந்தமும், பிறகு மடப்புறமும் முளைத்தன.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஐரோப்பாவில் சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் உடலுழைப்பே ஜெபம் என்று காட்டுக்குள் போய் ஆசிரமம் அமைத்தார்கள். நூறு, இருநூறு வருடத்தில் அவர்களுடைய பண்ணைகள்தான் இங்கிலாந்திலேயே பெரிய ஆட்டுப் பண்ணைகளாக இருந்தன. நமக்குப் பக்கத்திலேயே ஒரு உயிருள்ள உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் வாகமண்ணில் 1958-ல் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் அதே சிஸ்டெர்சியன் மரபைச் சேர்ந்தது. காவி உடுத்திய கிறிஸ்தவத் துறவிகள் பால் பண்ணை நடத்துகிறார்கள். துறவும் பண்ணையும் எப்படி ஒட்டும் என்று கேட்பவர்கள் குமுளி தாண்டிப் போனால் நேரிலேயே பார்த்துவிடலாம்.

"நிலம் கொடுத்தார்" என்றால் எதைக் கொடுத்தார்?

இன்றைய வழக்குகளுக்கெல்லாம் வேர் இந்தக் கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இன்று ஒருவருக்கு நிலம் கொடுத்தால் மண், மரம், கிணறு எல்லாம் அவருடையது. அன்று அப்படி இல்லை. பாண்டியர் செப்பேடுகளில் காராண்மை, மீயாட்சி என்று இரண்டு சொற்கள் ஜோடியாக வரும். காராண்மை என்பது இறங்கி உழுது பயிர் செய்யும் உரிமை. மீயாட்சி என்பது அதற்கு மேலே இருந்து பங்கு வாங்கும் உரிமை. ஒரே வயலில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான உரிமை. பிற்காலத்தில் இதே விஷயம் குடிவாரம், மேல்வாரம் என்ற பெயரில் தொடர்ந்தது. விளைந்த நெல்லில் உழுதவர் பங்கு குடிவாரம். மேலே போகிற பங்கு மேல்வாரம்.

அரசன் ஒரு மடத்துக்கு "ஊரையே கொடுத்தேன்" என்று கல்வெட்டில் சொன்னால், பல நேரங்களில் அதன் பொருள், "எனக்கு வர வேண்டிய மேல்வாரம் இனி மடத்துக்குப் போகட்டும்" என்பதுதான். உழுதுகொண்டிருந்த குடும்பம் அதே வயலில் உழுதுகொண்டே இருக்கும். சில இடங்களில் மட்டும் இரண்டு உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அப்போது "காராண்மை, மீயாட்சி இரண்டும் உள்ளடங்க" என்று தெளிவாகவே எழுதினார்கள்.

8-ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டில் அப்படி ஒரு வழக்கே பதிவாகியிருக்கிறது. கொற்கையைச் சேர்ந்த நற்சிங்கன் என்பவர் கூடல் மாநகரில், அதாவது மதுரையில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் முன்னால் வந்து முறையிடுகிறார். எங்கள் முன்னோருக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர் இது, களப்பிரர் பறித்துக்கொண்டார்கள் என்பது புகார். அரசன் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு உன் பழைய உரிமையை நிரூபித்துவிட்டு எடுத்துக்கொள் என்றான். அவரும் நிரூபித்தார். ஊர் திரும்பக் கிடைத்தது. 'மூலப் பத்திரம் எங்கே' என்ற கேள்விக்கு மதுரையில் குறைந்தது 1,250 வயசு.

எல்லை காட்டுவதும் ஒரு சடங்காகவே நடந்தது. பெண் யானையை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். கிழக்கே இந்த வாய்க்கால், தெற்கே இந்தக் கரை என்று நான்கு எல்லையையும் எழுதினார்கள். உடும்பு ஓடுகிற மேடும் ஆமை தவழ்கிற பள்ளமும் உட்பட என்று சேர்த்துக்கொண்டார்கள். மேட்டையும் பள்ளத்தையும் ஒரு இஞ்ச் விடாமல் சொல்ல இதைவிட நல்ல வழி இன்றைய சர்வேயருக்கும் தெரியாது.

நட்ட கல்லிலேயே அடையாளமும் உண்டு. சூலம் செதுக்கியிருந்தால் சிவன் கோயில் நிலம், அது சூலக்கல். சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், திருவாழிக்கல். மூன்று குடை அடுக்கியது போல இருந்தால் சமணப் பள்ளியின் நிலம், முக்குடைக்கல். எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் யார் நிலத்தில் நிற்கிறோம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த நெல் எங்கே போனது?

கோயில் பிரசாதம், மடத்து அன்னதானம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அழகர்கோயிலில் இன்றும் விவசாயிகள் தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அழகர்கோயில் தோசை சாப்பிட்டவர்களுக்கு அதன் ருசி தெரியும். அந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள ஊர்ச் சமூகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' நூல், இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொள்ள நல்ல நுழைவாயில்.

ஆனால் மடத்து நெல் போன இன்னொரு இடம் தமிழ். 19-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் வயல்கள் விளைந்ததால்தான் அங்கே ஆதீன வித்துவானாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருக்க முடிந்தது. அவரிடம் படித்த உ.வே. சாமிநாதையர் சாப்பிட்டது மடத்துச் சோறு. 1876-ல் பிள்ளை இறந்த பிறகும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அந்த இளைஞரைக் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்ததும் இதே மடம்தான்.

இங்கே ஒரு ட்விஸ்ட். சைவ மடத்து நெல்லில் வளர்ந்த உ.வே.சா. 1887-ல் பதிப்பித்த பெரிய நூல் சீவக சிந்தாமணி. அது ஒரு சமணக் காப்பியம். பள்ளிச்சந்தத்தில் விளைந்த மரபு ஒன்றை மடப்புறத்தில் விளைந்த நெல் அச்சில் ஏற்றியது.

நெல்லைச் சேர்த்துவைத்த களஞ்சியங்களில் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலச் செங்கல் களஞ்சியம் ஒன்று வட்டமாக, மேலே கூம்பி நிற்கிறது. சுமார் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் கொட்டாரம் என்ற பெயரில் உருளை உருளையாக நிற்பவையும் இதே வேலைக்குக் கட்டியவைதான். இங்கிலாந்தில் கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில், பியூலி மடத்துக்காக 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய தானியக் கொட்டகையை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540-க்குள் மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்தபோது நிலம் கை மாறியது, கொட்டகை மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் எந்த அரசனும் ஒரே நாளில் மடங்களைக் கலைக்கவில்லை. நிலம் மெதுவாகக் கரைந்தது. அதனால் எங்கே போனது என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போனது.

மடத்துப் பண்ணை என்றாலே புண்ணியம்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் மடத்து நிலங்களையும் மிராசு நிலங்களையும் உழுதவர்களில் பெரும்பகுதி தலித் பண்ணையாட்கள். சவுக்கடியும் சாணிப்பால் தண்டனையும் அவர்களுக்கு இருந்தன. 1943-ல் மன்னார்குடி பக்கம் மடத்து நிலம் நிறைந்த தென்பரையில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது இந்தக் கொடுமைகளுக்கு எதிராகத்தான். அதன் தொடர்ச்சியாகத்தான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ல் குத்தகைச் சாகுபடியாளர்களைப் பாதுகாக்கும் சட்டமும், அடுத்த வருடம் நியாயவாரச் சட்டமும் வந்தன. மடத்து நிலத்தின் மரபைப் பேசும்போது கல்வெட்டில் பெயர் இல்லாத இவர்களும் அந்த மரபின் பங்குதாரர்கள்தான்.

கல்லில் இருந்தது காகிதத்துக்கு வந்தபோது

1801-ல் மதுரைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முழுமையாகப் போனது. கம்பெனிக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: இந்த நிலத்துக்கு வரி கட்டுவது யார்? கோயில், மட மானியங்களுக்கு வரி இல்லை அல்லது குறைவு. அது உண்மையான மானியமா என்று சரிபார்க்க 1858-ல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். கிராமம் கிராமமாக விசாரித்து, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று எழுதிய பதிவேடுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். உரிமை உறுதியானவர்களுக்கு டைட்டில் டீடு கொடுத்தார்கள். இன்றும் மதுரைக் கிளையில் கோயில் நில வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் தேடுவது அந்த டி.டி. நம்பரைத்தான்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டு அடுக்காக இருந்த உரிமையை ஒற்றைப் பெயர் எழுதுகிற கட்டத்துக்குள் அடைக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் வெறும் மேல்வாரம் வைத்திருந்த மடம் மொத்த நிலத்துக்கும் சொந்தக்காரர் போலத் தெரிந்தது. சில இடங்களில் பூசை செய்யவும் மேளம் வாசிக்கவும் பூ கட்டவும் கொடுத்த ஊழிய மானியம், அந்த வேலை செய்தவரின் சொந்த நிலம் போல எழுதப்பட்டது. இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது. அதனால்தான் இன்று இரண்டு பக்கமும் "எங்களிடம் ஆதாரம் இருக்கு" என்று சொல்ல முடிகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. இனாம் என்ற பழைய வகை முடிந்து, எல்லாம் ரயத்துவாரிப் பட்டாவாக மாறியது. இரண்டு வாரமும் கோயிலுடையது என்றால் பட்டா கோயிலுக்கு. மேல்வாரம் மட்டும் என்றால் உழுதவருக்கு. சட்டப் புத்தகத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் 1960-களில் யார் ஆஜரானார்கள், யார் ஆஜராகவில்லை என்பதில்தான் பல ஊர்களின் விதி முடிவானது.

பத்திரம் இருக்கு, பட்டாவும் இருக்கு... அப்புறம் என்ன?

இன்று தமிழ்நாட்டில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சேர்த்து சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக இந்து சமய அறநிலையத் துறை சொல்கிறது. இந்த நிலங்களுக்கு 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் பொருந்தும். அதன் 34-வது பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில், மட நிலத்தை விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது. "30 வருஷமா இங்கேதான் குடியிருக்கோம்" என்ற அனுபவ பாத்தியதை வாதமும் இங்கே எடுபடாது. காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 109-வது பிரிவு சொல்லிவிடுகிறது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, அனுமதி இல்லாத இத்தகைய கிரயங்களைச் சார்பதிவாளர் பதிவு செய்யவே கூடாது என்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் அவற்றின் சொத்துகளையும் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்த பிறகு இந்தப் பிடி இன்னும் இறுகியது.

நடுவில் மாட்டிக்கொள்வது யார்? தெரியாமல் வாங்கிய மூன்றாவது, நான்காவது ஆள். பட்டா கையில் இருக்கிறதே என்பார். பட்டா வருவாய்க் கணக்குக்கான ஆவணம், அது மட்டுமே முழு உரிமைக்குச் சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இன்னொரு பக்கம், தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டி, மேலே சொந்தச் செலவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். இவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமாகத் தெரியவில்லை. வரலாறு நமக்குக் காட்டுவதும் அதைத்தானே? ஒரே நிலத்தில் இரண்டு உரிமை இருப்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. வாடகையை ஒழுங்குபடுத்தினால் தீரக்கூடிய விஷயத்தை, காலி செய் அல்லது விட்டுக்கொடு என்ற இரண்டே வழியாகச் சுருக்கிவிட்டோம்.

நீங்கள் மதுரைப் பக்கம் மனை வாங்கப் போகிறீர்களா? 30 வருட வில்லங்கச் சான்று போதாது. அ-பதிவேட்டில் பழைய வகைப்பாடு என்ன என்று பாருங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் 'இனாம்', 'தேவஸ்தானம்', 'மடம்', 'கட்டளை' என்ற சொற்களில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் நகல் கேட்டு வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 'கட்டளை' என்ற சொல்லை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். குறிப்பிட்ட பூசைக்கு, குறிப்பிட்ட அன்னதானத்துக்கு என்று எழுதிவைத்த சொத்து அது. தனியார் பெயரில் பட்டா இருந்தாலும் உள்ளே கட்டளை ஒளிந்திருக்கலாம்.

கண்மாய் போனால் வயல் போகும், வயல் போனால்?

மடத்து நிலம் தொலைந்ததற்கு ஆக்கிரமிப்பு மட்டும் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. நஞ்சை என்பது தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் நஞ்சை. வைகையின் வடகரையில் தல்லாகுளம், புதூர், ஒத்தக்கடை என்று நீளும் சமவெளி முழுக்கக் கண்மாய்ப் பாசனம். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு மேலூர் வரை பாசன வயல்கள் பெருகின. பிறகு நகரம் வடக்கே வளர்ந்தது. கண்மாய்க்குள் கட்டடம் வந்தது, கண்மாய் போனதும் ஆயக்கட்டு தரிசானது, தரிசு மனையானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் 2004-ல் திறக்கப்பட்டது. கோயில் நில வழக்குகளும் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகளும் விசாரணைக்கு வருகிற அதே கட்டடம்.

வயல் போனதும் அடுத்து போவது எல்லைக்கல். சூலக்கல்லும் திருவாழிக்கல்லும் பல ஊர்களில் வாய்க்கால் கரையில், வரப்பு முக்கில், சில இடங்களில் துணி துவைக்கிற கல்லாகவும் கிடக்கின்றன. மக்கள் சிலவற்றை முனியாக, கருப்பாக நினைத்துக் கும்பிடுவதால் தப்பித்திருக்கின்றன. மனை பிரிக்க வருகிற ஜேசிபிக்கு அது வெறும் கல். ஒரு முக்குடைக்கல் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டால், அங்கே ஒரு சமணப் பள்ளிக்கு நிலம் இருந்தது என்பதற்கான கடைசிச் சாட்சியும் போய்விடும். மியூசியத்தில் வைத்தாலும் கல்தான் இருக்கும், எல்லை இருக்காது.

அதனால் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் பெயர்த்து எடுக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், மாவு தடவி எழுத்தைப் படிக்கவும் முயலாதீர்கள். இருக்கிற இடத்திலேயே, பக்கத்தில் உள்ள வாய்க்காலும் மரமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஊர் பெயர், சர்வே நம்பர் தெரிந்தால் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் மாநிலத் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள். அலைய முடியாது என்றால் தல்லாகுளத்துக்கே வாருங்கள். தமுக்கத்துக்குப் பக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த காந்தி மியூசிய வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. போட்டோவைக் காட்டினால் சூலமா, சக்கரமா, முக்குடையா என்று பார்த்துச் சொல்வார்கள்.